எல்லைமணிக்கு ஒரு தாள்

ரமீஜாவின் பெயர் அச்சில் வர முப்பத்துநாலு வருஷம் ஆயிற்று. கல்யாணப் பத்திரிகையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது; அதில் எல்லோருடைய பெயரும்தான் வருகிறது. இது எண்பத்தாறு பக்கக் கையேடு. ஒவ்வொரு பக்கத்தையும் சுற்றிக் கொடி படர்ந்த பார்டர், முதல் தாளின் தலையில் ஒரு படகு, காலில் கொட்டை எழுத்தில் 'தொகுப்பு: ரமீஜா அஸ்வர், பி.எஸ்ஸி.' கத்தாரில் வேலை பார்க்கும் அவள் கணவன் முகமது அஸ்வர், போன லீவுக்கு வந்தபோது அதில் ஒரு பிரதியை எடுத்துப்போய், அறையில் கூட இருக்கிற ஆறு பேருக்கும் காட்டியிருக்கிறான். ஆறு பேரில் இரண்டு பேருக்குத் தமிழே தெரியாது. பார்டர் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம்.

படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கம்பெனியில் பதினொரு மாதம் அவள் இதே வேலைதான் பார்த்தாள். ஒரு மென்பொருளை எப்படித் திறப்பது, எதை அழுத்துவது, எது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று எழுதுகிற வேலை. எழுதியதெல்லாம் எந்தெந்த நாட்டுக்கோ போயிற்று. எழுதியவள் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. பிறகு கல்யாணம் ஆகி ஜெகதாப்பட்டினத்துக்கு வந்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் ஆனாள். அதோடு அந்த ஆசை அடங்கிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லைமணி வந்து அதைக் கிளப்பிவிட்டது. எல்லைமணி என்பது போனில் போட்டுக்கொள்கிற ஒரு செயலி. கடலில் சிக்னல் இல்லாத இடத்திலும் படகு நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, அடுத்த நாட்டுக் கடலின் எல்லைக்கோட்டை நெருங்கினால் மணி அடிக்கும்; தாண்டினால் படகோடு பிடித்துப்போய்விடுவார்கள். இந்தக் கரைக்கு அது எவ்வளவு வேண்டியது என்று சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. ஒரு படகு திரும்ப நேரமானால் எந்தத் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று ஊருக்கே தெரியும். இது கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். புதுக்கோட்டைப் பெண் வைஷ்ணவியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தது. அதற்குத் தமிழில் கையேடு எழுத ஆள் வேண்டும் என்று கேட்டபோது, கேட்டவர்கள் வாயை மூடுமுன் ரமீஜா சரி என்றாள்.

படகில் எண்பத்தாறு பக்கத்தை யார் படிப்பார்கள்? முதல் தாளில் மட்டும் ஏழே ஏழு குறிப்பாகச் சுருக்கிக் கொடுத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சேக் அலாவுதீன் அந்தத் தாளைப் பிரதி எடுத்து, லேமினேஷன் போட்டு, படகுக்கு ஒன்றாகக் கொடுத்தார். டிரைவர்கள் அதை ஓட்டை போட்டு நைலான் கயிற்றில் கட்டி, சுக்கான் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். உப்புத் தண்ணீர் பட்டாலும் அது நனையாது. அதற்குச் சாவே கிடையாது.

வம்பு வேறு பக்கத்தில் இருந்து வந்தது. ரமீஜா கையேட்டை வேர்டில் செய்து அனுப்புவாள். அதை மற்ற துறைமுகங்களில் இருக்கிற ஆட்கள் ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு திருத்தம் போட்டார்கள். 'கையேடு கடைசி' என்று ஒன்று, 'கையேடு கடைசி 2' என்று ஒன்று, 'இதுதான் கடைசி' என்று ஒன்று, அதற்குப் பிறகு 'இதுதான் கடைசி புதுசு' என்று ஒன்று. எது மெய்யான கடைசி என்று எழுதியவளுக்கே ஒரு கட்டத்தில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் போனில் கூடும்போது வைஷ்ணவி இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அக்கா, எல்லா ஊருக்கும் ஒரே வடிவம்னு ஒண்ணு முடிவு பண்ணிருவோம். அலங்காரம் எதும் வேணாம். வெறும் எழுத்து. தலைப்புன்னா முன்னால ஒரு ஹேஷ் குறி, குறிப்புன்னா முன்னால ஒரு நம்பர், அவ்வளவுதான். எல்லாம் ஒரே எடத்துல இருக்கும். யாரு எந்த வரிய என்னைக்கு மாத்துனாங்கன்னு அதுவே எழுதி வச்சுக்கும்."

"வெறும் எழுத்த யாரு படிப்பா வைஷ்ணவி? பார்த்தா கையில எடுக்கணும்னு தோண வேணாமா?"

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கணும்ங்கிறீங்க."

"இருந்தா என்னவாம்?"

வைஷ்ணவி சிரித்துவிட்டாள். கோபிக்கத் தெரியாத பெண். கடைசியில், "எழுதுறது நீங்கதாங்க்கா. நாங்க சொல்லி நீங்க செய்யறது சரியா வராது. எந்த வடிவம்னு நீங்களே முடிவு பண்ணுங்க, மத்த ஊரெல்லாம் அதையே வச்சுக்கும்" என்று பொறுப்பை அவள் தலையிலேயே கட்டினாள்.

ரமீஜா அதை மூன்று மாதம் ஆறப் போட்டாள். ஒரு ஞாயிறு பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றாள், ஒரு ஞாயிறு விருந்தாளி என்றாள், ஒரு ஞாயிறு கரண்ட் இல்லை என்றாள். அன்றைக்குக் கரண்ட் இருந்தது. வெறும் எழுத்து என்றால் பார்டர் போகும், படகுப் படம் போகும், முதல் தாளின் காலில் கொட்டை எழுத்தும் இருக்காது. பிறகு பெயர் எங்கே போடுவது? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சின்னத்தனமாக இருக்கும் என்று வெட்கம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அவ்வளவுதான் விஷயம்.

அந்த நிலைமையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில், கேட்டுக்கு வெளியே மரியசெல்வம் நின்றார். விசைப்படகு டிரைவர், ஐம்பதை நெருங்குகிற வயது. புதன்கிழமை கடலுக்குப் போய் அன்று காலையில்தான் கரைக்கு வந்தவர். கையில் ஒரு பாலிதீன் பை.

"உள்ள வாங்கண்ணே."

"மேலெல்லாம் மீன் வாடை தங்கச்சி, இங்கிட்டே நிக்கிறேன். ஒரு சந்தேகம் கேக்கணும்." பையிலிருந்து லேமினேஷன் தாளை எடுத்து நீட்டினார். நைலான் கயிறு அப்படியே இருந்தது. "இதுல மூணாவது என்ன போட்டுருக்குன்னு படி."

அவளுக்கு அது மனப்பாடம். "புறப்படும் முன் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தவும். மணி வேலை செய்யத் தொடங்கும்."

"அழுத்துனேன். மணி அடிக்கல."

ரமீஜாவுக்குப் புரிந்துவிட்டது. முதலில் வந்த எல்லைமணியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் மணி உயிர் பெறும். பாதிப் பேர் அதை அழுத்த மறந்துவிட்டுப் போகிறார்கள் என்று, நாலு மாதத்துக்கு முன்னால் அதை மாற்றினார்கள். இரண்டாவது பதிப்பில் செயலியைத் திறந்தாலே மணி தயாராகிவிடும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் வாயடைத்துப் போகும்; எல்லைக்கு அருகே போகும்வரை அது யாருக்கும் தெரியவும் வராது. மாற்றச் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி.

"பொழுது சாயுற நேரம். வலை எறங்கிக் கெடக்கு," என்றார் மரியசெல்வம். "மணி அடிக்கல, அப்ப எல்லை தூரத்துலதான் இருக்குன்னு நானும் நம்பிட்டேன். பக்கத்துப் போட்டுக்காரன் வாக்கி டாக்கியில கத்துறான், எங்கிட்டுப் போறேன்னு தெரிஞ்சுதான் போறியான்னு. வலைய அரையும் கொறையுமா இழுத்துப் போட்டுத் திரும்புனோம்."

"எவ்வளவு தூரம் இருந்துச்சுண்ணே?"

"ஒரு மைலு இருக்கும். இருக்காது." கயிற்றைத் தாளில் சுற்றினார். "போட்டுல நாலு பேரு இருந்தோம் தங்கச்சி. நான் என்ன தப்பா அழுத்துனேன்னு வர்ற வழியெல்லாம் ரோசன. அதத்தான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். இனிமே தப்பு நடக்கக்கூடாதுல்ல."

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். தப்பு தன்மேல் என்று நினைத்து அவர் கேட்டு வந்து நின்றதுதான் அவளைக் கொன்றது.

"நீங்க தப்புப் பண்ணலண்ணே. இது பழைய தாளு. புதுசு வந்து நாலு மாசம் ஆச்சு."

"பழசா? பழசு கிழிஞ்சு போச்சுன்னு போன மாசந்தான அலாவுதீன் பாய் கடையில புதுசு வாங்குனேன்!"

சாவு இல்லாததுகூடச் சில சமயம் கிழிந்து தொலைக்கிறது. அப்போதும் அதுவே மறுபிறவி எடுத்து வந்திருக்கிறது. ரமீஜா செருப்பைக் கழற்றாமலே திரும்பி நடந்தாள். மரியசெல்வமும் பின்னால் வந்தார். வழியெல்லாம் அலாவுதீன் மேல் கோபம் கோபமாக வந்தது. வாட்ஸ்அப்பில் புதுசை அனுப்பி வைத்திருந்தாளே, மனுஷன் பார்க்க வேண்டாமா? கேட்டே விடுவது என்று வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனாள்.

சேக் அலாவுதீன் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார். விஷயத்தை அவள் பாதிதான் சொன்னாள். அதற்குள் மேசையின் இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் இன்னொரு கவர். அதற்குள், அவள் முதன்முதலில் கொண்டுவந்து கொடுத்த தாள்.

"மாஸ்டர் காப்பி," என்றார் பெருமையாக. "ஒன் கையால குடுத்தது. ஒரு கறை, ஒரு மடிப்பு இருக்கா பாரு. நாப்பத்தாறு போட்டுக்கும் இதுலேருந்துதான் போட்டுக் குடுத்திருக்கேன். காப்பியிலேருந்து காப்பி எடுத்தா எழுத்து மங்கிப் போகும்ல."

"மாமா, நாலு மாசத்துக்கு முந்தி புதுசு ஒண்ணு போன்ல அனுப்புனேனே."

"அனுப்புன. பார்த்தேனே. அதே கொடி, அதே படகு, அதே பேரு. புள்ள மறந்துபோயி ரெண்டாந்தடவ அனுப்பிருக்குன்னு நெனச்சேன்." அவர் போனைத் தேடி எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, மாஸ்டர் காப்பியின் பக்கத்தில் வைத்தார். "நீயே சொல்லு. இதுல எது பழசு, எது புதுசு?"

ரமீஜா குனிந்து பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மூன்றாவது குறிப்பைப் படித்தால் ஒழிய வித்தியாசம் தெரியாது; படிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் தோன்றாது. தேதி என்று எதிலும் இல்லை. முதலில் வலது மூலையில் தேதி போட்டிருந்தாள். அந்த இடத்தில் கொடியின் கடைசி இலை இடித்துக்கொண்டு நின்றது. இலையை எடுக்க மனம் வரவில்லை, தேதியை எடுத்துவிட்டாள். அது இப்போது ஞாபகம் வந்தது. கோபப்பட வந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவென்றே தெரியவில்லை.

பின்னால் நின்ற மரியசெல்வம்தான் பேசினார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஜிப் கவரை எடுத்துக் காட்டினார். உள்ளே, படகு கடலுக்குப் போகுமுன் மீன்துறை ஆபீசில் வாங்குகிற டோக்கன்.

"இந்தா பாரு தங்கச்சி, இதுல கொடியுமில்ல, செடியுமில்ல. தேதி இருக்கு, போட்டு நம்பரு இருக்கு. முந்தாநாள் டோக்கன வச்சுக்கிட்டு இன்னைக்கு எவனாச்சும் கடலுக்குப் போறானா? போகமாட்டான். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குவான். ஒந்தாளையும் அப்புடிக் குடுத்தா என்ன?"

"உப்புத் தண்ணியில ஒரு நாளு தாங்காதே," என்றார் அலாவுதீன்.

"டோக்கன் தாங்குதுல்ல பாய், கவருக்குள்ள? லேமினேசன் போட்டாத்தான் எவனும் தூக்கிப்போட மாட்டேங்கிறான்."

அலாவுதீன் லேமினேஷன் மிஷினைப் பார்த்தார். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

சிவப்புப் பொத்தானைத் தொட வேண்டாம் என்று அன்று இரவே மரியசெல்வம் எல்லாப் படகுக்கும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரமீஜா சாக்கு எதுவும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், இலைக்காகத் தேதியை எடுத்ததையும் சேர்த்து. பிறகு அவளே சொன்னாள்: "வெறும் எழுத்துதான். ஒரே எடத்துல இருக்கட்டும். ஒரு தாளுக்கு ஒரு வேலை. எல்லாத் தாளும் ஒரே மாதிரி ஆரம்பிக்கணும். முதல் வரி தேதி. ரெண்டாவது வரி, இந்தத் தாளு எந்தப் பதிப்புக்குன்னு நம்பரு. மூணாவது வரி, போன்ல இருக்கற நம்பரும் இந்த நம்பரும் ஒத்துப்போகலன்னா இந்தத் தாளத் தூக்கிப் போடவும். அதுக்கப்புறந்தான் மத்தது. தாளு தயாராகாம நீங்க புதுப் பதிப்ப வெளியிடவும் கூடாது."

"மத்த ஊருக்கும் இதையே வச்சுரலாம்க்கா," என்றாள் வைஷ்ணவி. கொஞ்சம் தயங்கி, "பேரு போட எடம் விடலியே நீங்க?" என்றாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாமே தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"எடமில்ல," என்றாள் ரமீஜா.

எண்பத்தாறு பக்கத்தை வெறும் எழுத்தாக்கப் பத்து நாள் பிடித்தது. முதல் தாளைத்தான் முதலில் முடித்தாள், அதற்குத்தான் அவசரம். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, எழுத்தை மட்டும் உருவி எடுத்தாள். பார்டர் போனதும் பக்கம் மொட்டைத்தலையாக நின்றது. மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அலங்காரம் போன பிறகுதான், ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் வேறு வேறு மாதிரி சொல்லியிருப்பது கண்ணில் பட்டது. நாற்பதாம் பக்கத்தில் இன்னும் பழைய சிவப்புப் பொத்தான் உட்கார்ந்திருந்தது. எல்லாம் கழித்துக் கட்டியபோது பத்தொன்பது தாள் மிஞ்சியது. அன்று போன் செய்த அஸ்வரிடம் சொன்னாள்.

"அங்க இருக்கற புக்கையும் கிழிச்சுப் போட்ருங்க மச்சான். அதுல தப்பு இருக்கு."

"இங்க கடலுக்குப் போறவன் ஒருத்தனும் இல்ல. எங்க ரூம்புல ஏ.சி.தான் இருக்கு," என்றான் அஸ்வர். "இது இருந்துட்டுப் போகட்டும்."

அதற்கு முன்பே, அந்த முதல் தாளை வைத்து அந்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு ஜெராக்ஸ் கடையில் மாற்றுகிற வேலை நடந்தது. விதி அலாவுதீன் போட்டது: பழையதைக் கொடுத்தால்தான் புதுசு. டிரைவர்கள் லேமினேஷன் தாளோடு வந்தார்கள். அலாவுதீன் கிழிக்க முயன்று பார்த்தார், முடியவில்லை. தகரம் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலைப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி, ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டிப் பெட்டியில் போட்டார். எந்தெந்தப் படகுக்குக் கொடுத்தோம் என்று அவரிடம் பட்டியல் இருந்தது. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லுமுன் நாற்பத்தாறும் வந்து சேர்ந்தன. மரியசெல்வம் தன்னுடையதைக் கயிற்றோடு கொடுத்துவிட்டு, கயிற்றை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு அலாவுதீன் இழுப்பறையைத் திறந்தார். கவருக்குள் கவர். மாஸ்டர் காப்பி.

"இத மட்டும் விட்ருவோம்மா," என்றார். "ஒம்பேரு இருக்கு. நான் யாருக்கும் காப்பி போட்டுக் குடுக்கமாட்டேன், அல்லா மேல ஆணை. சும்மா உள்ள கெடக்கட்டும்."

ரமீஜா தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரு கறை இல்லை, ஒரு மடிப்பு இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நல்ல நிலைமையில் இருக்கிற தாளை யாராவது ஒருநாள் நல்லது என்று நம்பி எடுப்பார்கள் என்றும் தோன்றியது. கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். மூன்றாவது குறிப்பில் வெட்டினாள், பிறகு பெயரில். லேமினேஷன் இல்லாத வெறும் தாள் என்பதால் சத்தமே இல்லாமல் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை விடிகாலை, அவள் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மரியசெல்வம். பின்னால் துறைமுகத்தின் இரைச்சல், ஐஸ் கொட்டுகிற சத்தம்.

"தங்கச்சி, போன்ல ரெண்டு புள்ளி ரெண்டுங்குது. தாள்ல ரெண்டு புள்ளி ஒண்ணுதான் இருக்கு."

வைஷ்ணவியின் ஆட்களில் யாரோ அவசரக்குடுக்கை, தாள் தயாராகுமுன் புதுப் பதிப்பை வெளியே விட்டிருக்கிறான். ரமீஜா மனசுக்குள் அவனை நன்றாகத் திட்டினாள். என்ன மாற்றம் என்று பார்த்தாள். ஒரே ஒரு குறிப்பைத்தான் திருத்த வேண்டியிருந்தது. கால் மணி நேர வேலை.

"பெரிய மாத்தமில்லண்ணே. மத்த போட்டெல்லாம் கெளம்பிருச்சா?"

"எங்க கெளம்புறது? எல்லாருக்கும் இதே நம்பருதான். தாளத் தூக்கிப் போடணும்னு நீதான எழுதிருக்க, தூக்கிப் போட்டாச்சு. நாப்பத்தாறு போட்டும் கட்டிக்கெடக்கு. அலாவுதீன் பாய் கடையத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, தாளைத் திறந்து, முதல் வரியில் அன்றைய தேதியை அடித்தாள்.

"சீக்கிரம் தங்கச்சி," என்றார் மரியசெல்வம், அவசரமே இல்லாத குரலில். "ஐஸு ஏத்தியாச்சு, டோக்கன் வாங்கியாச்சு. ஒந்தாளுதான் பாக்கி."